‘ஆஞ்சியோ’ என்று பாதியில் நிறுத்தாதீர்கள்



ஆங்கிலச் சொற்களின் ஈறுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஈறு என்றால் சொல்லின் கடைசிப் பகுதி. தமிழ் பேசுகிறவருக்கு ஈற்றின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வந்தான், வந்தாள், வந்தார்கள் என்கிறோம். மூன்றிலும் வருகை ஒன்றுதான். வந்தது ஆணா, பெண்ணா, பலரா என்பது சொல் முடிகிற இடத்தில்தான் தெரிகிறது. அதனால்தான் தமிழைக் கேட்கிறவர் சொல் முடியும் வரை காத்திருக்கிறார்.

ஆங்கிலத்தின் எல்லா ஈறுகளையும் ஒரு மாலைக்குள் அடக்க முடியாது. ஆகவே ஒரே ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். அந்த இடம் மருத்துவமனை. ஏன் மருத்துவமனை? கவிதையில் ஒரு சொல் புரியாவிட்டால் ரசனை குறையும், அவ்வளவுதான். ஒப்புதல் படிவத்தில் ஒரு சொல் புரியாமல் கையெழுத்துப் போட்டால் உடம்பிலிருந்து ஓர் உறுப்பே போய்விடும். அப்படி ஓர் உறுப்பு போன கதையை இன்று சொல்லத்தான் போகிறேன். நான் மருத்துவன் அல்லன், மொழி கற்பித்தவன். மருந்து சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்லுக்குப் பொருள் சொல்ல உரிமை உண்டு.

நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். “அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணணுமாம்.” எத்தனை வீடுகளில் இந்தத் தொலைபேசிச் செய்தி வந்திருக்கிறது! நண்பர்களே, ஆஞ்சியோ என்றால் என்ன? கிரேக்க மொழியில் கலம், குழாய்; இங்கே இரத்தக் குழாய். “அப்பாவுக்கு இரத்தக் குழாய் பண்ண வேண்டும்” என்றா சொல்கிறோம்? எந்த இடம் என்பதைச் சொல்லிவிட்டோம். அங்கே என்ன செய்யப் போகிறார்கள் என்பதை விழுங்கிவிட்டோம். அதைச் சொல்வது ஈறு.

ஆஞ்சியோகிராம் என்றால் குழாயின் படம். கிராம் என்பது கிரேக்கத்தில் எழுதப்பட்டது, வரையப்பட்டது. டெலிகிராம் என்பதிலும் அதே கிராம்தான். ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் குழாயைச் சீராக்கி வடிவமைப்பது. பிளாஸ்டி என்பது மண்ணைப் பிசைந்து உருவம் செய்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிளாஸ்டிக்கும் அதன் உறவுதான். முன்னது பார்ப்பது, பின்னது செய்வது. இரண்டுக்கும் இடையே செலவில் வேற்றுமை, ஆபத்தில் வேற்றுமை, முடிவெடுக்க வேண்டிய நேரத்திலும் வேற்றுமை. இத்தனையையும் ஏந்தி நிற்கும் பகுதியைத்தான் நாம் வெட்டி எறிந்துவிட்டு ‘ஆஞ்சியோ’ என்று நிறுத்திக்கொள்கிறோம்.

இந்த இரண்டு ஈறுகளுக்கு இடையே எத்தனை காலம் ஓடியிருக்கிறது, பாருங்கள். 1929-ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரத்து மருத்துவமனையில் வெர்னர் போர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தன் கையின் சிரை வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்திக்கொண்டார். குழாய் உள்ளே இருக்கும்போதே எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், அதன் நுனி தன் இதயத்துக்குள் இருப்பதைப் படமெடுத்துக் காட்டினார். 1958-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது, படத்துக்காகச் செலுத்திய சாயம் எதிர்பாராமல் இதயத் தமனிக்குள்ளேயே பாய்ந்துவிட்டது. நோயாளியின் இதயம் நின்றுவிடுமோ என்று பதறினார். நோயாளி பிழைத்தார். இதயத் தமனிகளைத் தனித்தனியே படம் பிடிக்கலாம் என்பது அன்று உறுதியானது. கிராம் கிடைத்துவிட்டது. பிளாஸ்டி? அதற்கு 1977 செப்டம்பர் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றுதான் சூரிக் நகரில் ஆன்ட்ரியாஸ் குருன்ட்சிக் ஒரு சிறு பலூனை ஊதி, விழித்திருந்த ஒரு நோயாளியின் இதயத் தமனியில் இருந்த அடைப்பை முதன்முதலாக விரித்தார். கிராமிலிருந்து பிளாஸ்டிக்கு வர மருத்துவத்துக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. நாம் இரண்டையும் ஒரே மூச்சில் குழப்பிக்கொள்கிறோம்.

அடுத்த ஈற்றுக்கு வருகிறேன். எல்லோரும் அறிந்த ‘ஐடிஸ்’. டான்சிலைடிஸ், ஹெப்படைடிஸ், காஸ்ட்ரைடிஸ், ஆர்த்ரைடிஸ், அப்பெண்டிசைடிஸ். கிரேக்கத்தில் இதற்குச் ‘சார்ந்த’ என்பது மட்டுமே பொருள். நோய்க்கு அங்கே நோசோஸ் என்று பெயர். ‘ஆர்த்ரைடிஸ் நோசோஸ்’ என்றால் மூட்டு சார்ந்த நோய். பேச்சில் நாளடைவில் நோசோஸ் உதிர்ந்தது. நோய் என்ற பொருளையும் ஈறே தூக்கிச் சுமந்தது. பல நூற்றாண்டுகள் கழித்து மருத்துவர்கள் அந்தப் பொருளை இன்னும் குறுக்கி, அழற்சி என்று மட்டும் ஆக்கினார்கள். அழற்சிக்கு அடையாளம் என்ன? முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் நான்கு சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. இன்றும் மருத்துவ மாணவர்கள் அந்த நான்கில்தான் தொடங்குகிறார்கள். ஐடிஸ் என்று எங்கே கேட்டாலும், உடம்பின் அந்த இடத்தில் ஒரு நெருப்பு எரிகிறது என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்பெண்டிசைடிஸ் ஏதோ பழங்காலச் சொல் போல ஒலிக்கிறது, இல்லையா? பழசே இல்லை. 1886-ல் பாஸ்டன் மருத்துவர் ரெஜினால்டு ஃபிட்ஸ் சூட்டிய பெயர் அது. அதற்கு முன்னும் அந்த நோய் வந்தது, மனிதர்கள் இறந்தார்கள். ஆனால் கோளாறு பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் என்று எண்ணி வேறு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குற்றவாளி அந்தச் சிறிய குடல்வால்தான் என்று ஃபிட்ஸ் காட்டினார்; பெயரை மாற்றினார்; சிகிச்சையின் திசையும் மாறியது. 1885-ல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் பகுதியில் இந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது.

1902-ல் அதே சொல் உலகமெங்கும் பேசப்பட்டது. ஜூன் 26 அன்று லண்டனில் ஏழாம் எட்வர்டு மன்னருக்கு முடிசூட்டு விழா. பல நாட்டு விருந்தினர் வந்து இறங்கிவிட்டார்கள். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு மன்னர் அறுவை மேசையில் படுத்தார். குடல்வாலில் அழற்சி, சீழ்க்கட்டி. சர் பிரெடெரிக் டிரீவ்ஸ் வயிற்றைக் கீறிச் சீழை வடித்தார். குடல்வாலை அவர் எடுக்கவில்லை. மன்னர் தேறினார், ஆகஸ்டு 9 அன்று முடி சூடினார். மன்னருக்கு நடந்தது கீறல், நீக்கம் நடக்கவில்லை. இந்த வேற்றுமைக்குச் சற்று நேரத்தில் திரும்பி வருகிறேன், ஏனென்றால் இன்றைய பேச்சின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன் ஐடிஸுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பார்த்துவிடலாம். ‘ஓசிஸ்’. பொதுவாக ஒரு நிலையை, ஒரு மாற்றத்தை அது குறிக்கும். கழுத்து வலியோடு கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பலர், “எனக்கு ஸ்பாண்டிலைடிஸ்” என்கிறார்கள். அறிக்கையை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஸ்பாண்டிலோசிஸ் என்று இருக்கும். ஸ்பாண்டிலோசிஸ் என்பது வயதோடும் உழைப்போடும் முதுகெலும்பு தேய்வது; ஐம்பது வயதைக் கடந்தவர்களில் மிகப் பலருக்கு எக்ஸ்ரேயில் அது கொஞ்சமாவது தெரியும். ஸ்பாண்டிலைடிஸ் அழற்சி நோய். அதில் ஒரு வகை இளைஞர்களைப் பிடித்து, நாளடைவில் முதுகெலும்பையே விறைக்கச் செய்யும். தேய்மானம் வேறு, நெருப்பு வேறு. இரண்டுக்கும் மருத்துவமும் வேறு.

இப்போது கத்தியின் சொற்களுக்கு வருகிறேன். கொஞ்சம் மெதுவாகவே போகிறேன், என்னோடு வாருங்கள். ஸ்கோப்பி என்றால் பார்ப்பது. ஆட்டமி என்றால் வெட்டித் திறப்பது. ஆஸ்டமி என்றால் வாய் வைப்பது, அதாவது உடம்பில் புதிதாக ஒரு திறப்பை ஏற்படுத்துவது. எக்டமி என்றால் வெட்டி வெளியே எடுப்பது. ஆட்டமி, ஆஸ்டமி, எக்டமி: ஓடுகிற பேச்சில் மூன்றும் ஒன்றுபோல ஒலிக்கும். பெருங்குடலை எடுத்துக்கொள்ளுங்கள். கொலாட்டமி என்றால் குடலைக் கீறினார்கள். கொலாஸ்டமி என்றால் வயிற்றில் ஒரு வாய் வைத்து, மலம் அதன் வழியே பையில் சேரும்படி செய்தார்கள். கொலெக்டமி என்றால் குடலையே எடுத்தார்கள். வேறுபடுவது ஓரிரு எழுத்து. மாறிப்போவது ஒரு மனிதர் மீதி நாளெல்லாம் வாழப்போகிற விதம்.

வெட்டுவதற்குரிய அந்தக் கிரேக்க வேர் நமக்குப் பழக்கமானதுதான். அனாட்டமி என்பது வெட்டிப் பிரித்து ஆராய்வது. ஆட்டம் என்று அணுவைச் சொல்கிறார்களே, அது வெட்ட முடியாதது என்று பொருள்பட வைத்த பெயர். இருபதாம் நூற்றாண்டு அந்த வெட்ட முடியாததையும் வெட்டிப் பார்த்து, ஹிரோஷிமா வரை போய்விட்டது. அது வேறு மேடையில் பேச வேண்டிய சோகம்.

ஒரு பெண்ணின் கதை சொல்கிறேன். ஆண்டு 1809. இடம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற அம்மையாருக்கு வயிறு பெருத்துக்கொண்டே போனது. கர்ப்பம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். இஃப்ரெயிம் மெக்டவல் என்ற மருத்துவர் வந்து பார்த்து, இது குழந்தை இல்லை, சூலகக் கட்டி என்றார். அறுவை செய்து பார்க்கலாம், ஆனால் இதுவரை யாரும் இதைச் செய்து வென்றதில்லை, என் ஊருக்கு நீங்கள் வர வேண்டும் என்றார். ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. அந்தத் தாய் யோசித்தார், சம்மதித்தார். குளிர்காலத்தில் குதிரையேறி ஏறக்குறைய அறுபது மைல் பயணம் செய்து டான்வில் ஊருக்குப் போனார். கிறிஸ்துமஸ் நாளில் அறுவை நடந்தது. மயக்க மருந்து? அது வழக்கத்துக்கு வர இன்னும் முப்பத்தேழு ஆண்டுகள் இருந்தன. விழித்திருந்தபடியே, இறைப்பாடல்களைச் சொல்லிக்கொண்டே இருபத்தைந்து நிமிடம் அந்தக் கத்தியைத் தாங்கினார். வெளியே வந்த கட்டி பத்துக் கிலோவுக்கும் மேல். அதன் பிறகு முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, 78 வயதில்தான் இறந்தார். அந்த அறுவைக்கு அந்தக் காலத்தவர் ஓவேரியாட்டமி என்று பெயர் சொன்னார்கள். இன்று என்றால் அங்கே ஆட்டமி நிற்காது, எக்டமிதான் நிற்கும்.

அறுவையின் துணிச்சலை எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்த உரையாடல்தான் பெரிதாகப் படுகிறது. என்ன செய்யப் போகிறேன் என்று மருத்துவர் சொன்னார். புரிந்துகொண்டு நோயாளி சரி என்றார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால், காட்டுப்புறத்து ஊரில், இது நடந்தது.

நம் நாட்டில், நம் காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1995. டெல்லி. 44 வயதுப் பெண்மணி ஒருவர் நீடித்த மாதவிடாய்ப் போக்குக்காக மருத்துவரிடம் போனார். காரணம் தெரிய வேண்டும் என்று பரிசோதனைக்கு ஏற்பாடாயிற்று. அவர் கையெழுத்திட்ட படிவத்தில் லேப்பராஸ்கோப்பி என்று இருந்தது. லேப்பராட்டமி தேவைப்படலாம் என்றும் இருந்தது. லேப்பரா என்றால் வயிறு. வயிற்றுக்குள் பார்க்கலாம், தேவையானால் வயிற்றைத் திறக்கலாம். அவர் ஒப்புக்கொண்டது அவ்வளவுதான். ஸ்கோப்பிக்குச் சரி, ஆட்டமிக்கும் சரி. அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த வயதான தாயாரிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையும் இரு சூலகங்களையும் சூல்குழாய்களையும் எடுத்துவிட்டார்கள். படிவத்தில் எங்கும் இல்லாத எக்டமி.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. நோயைக் கண்டறிவதற்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் தவிர, மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும். சுயநினைவுள்ள வயதுவந்த பெண் தற்காலிகமாக மயங்கியிருக்கும்போது தாயின் சம்மதம் அவருடைய சம்மதத்துக்கு ஈடாகாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மருத்துவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. இழப்பீடாகக் கிடைத்தது 25,000 ரூபாய். தொகை சிறியது. ஆனால் இன்று இந்தியாவில் எந்த மருத்துவமனையிலும் ஒப்புதல் என்ற பேச்சு எழுந்தால், இந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது.

அந்தப் பெண்மணி வழக்குத் தொடுக்க முடிந்தவர். தொடுக்க முடியாதவர்கள்? பீகாரிலும் சத்தீஸ்கரிலும் ராஜஸ்தானிலும் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமலே கருப்பை நீக்கம் செய்யப்பட்டதாக வந்த வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் மூன்று மாதக் கெடு விதித்தது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் நெறிமுறைகளை நடைமுறைக்குக் கொண்டுவரச் சொன்னது. ஹிஸ்டரெக்டமி! ஹிஸ்டரா என்றால் கருப்பை. எக்டமி என்றால் வெட்டி எடுத்தல். இந்த ஒற்றைச் சொல்லை அதன் ஈற்றோடு சேர்த்து யாராவது அந்தத் தாய்மார்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லியிருந்தால், அத்தனை பேரும் அந்த மேசையில் ஏறியிருப்பார்களா? எனக்குத் தோன்றவில்லை.

தாய்மார்களை ஆட்டிப்படைக்கும் இன்னோர் ஈறு ‘ஓமா’. அறிக்கையில் ஓமா என்று கண்டதும் உறக்கம் போய்விடுகிறது. ஓமா என்றால் கட்டி, வீக்கம். கட்டி எல்லாம் புற்று ஆகிவிடுமா? லைப்போமா என்பது கொழுப்புக் கட்டி. பெரும்பாலும் தொந்தரவே செய்யாது. ஹெமட்டோமா என்பது அடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டிக்கொள்வது. மயோமா என்பது கருப்பைத் தசையில் வரும் கட்டி. பெண்களுக்கு மிகச் சாதாரணமாக வருவது, புற்றாக மாறுவது மிக அரிது. கார்சினோமா என்று வந்தால் அது புற்று. கார்கினோஸ் என்றால் கிரேக்கத்தில் நண்டு. ஆனால் மெலனோமாவும் லிம்போமாவும் மென்மையாக ஒலித்துக்கொண்டே புற்றாக நிற்பவை. கிளாக்கோமாவில் கட்டியே கிடையாது. அது கண் நரம்பைச் சிதைக்கும் நோய். ஆக, ஈறு ஒரு வாசலைத் திறந்துவிடும். உள்ளே போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஓமா என்று கண்டதும் அழாதீர்கள். எந்த ஓமா என்று கேளுங்கள்.

‘ஈமியா’ என்று முடிந்தால் சங்கதி இரத்தத்தில். ‘யூரியா’ என்று முடிந்தால் சிறுநீரில். இதில் உரக்கடை யூரியாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஹெமட்யூரியா என்றால் சிறுநீரில் இரத்தம். செப்டிசீமியா என்றால் இரத்தத்தில் நச்சுத் தொற்று. ஈற்றை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாத இடமும் இங்கே ஒன்று உண்டு. ஹைப்பர்கிளைசீமியா, ஹைப்போகிளைசீமியா: ஈறு ஒன்று, தலை மட்டும் வேறு. முன்னது இரத்தத்தில் சர்க்கரை கூடுவது, பின்னது குறைவது. நீரிழிவுக்காரர் வியர்த்து, நடுங்கி, தலைசுற்றி உட்கார்ந்தால், குறைந்திருக்கிறது என்று உணர்ந்து உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். இந்த இரண்டு சொற்களையும் நீரிழிவுள்ள ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் எழுதி வைக்கலாம்.

ஈமியா குடும்பத்தில் நமக்கு மிக நெருங்கியது அனீமியா. இரத்தமின்மை என்பது சொல்லின் நேர்ப்பொருள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று சொன்னது. பாதிக்கும் மேல்! இந்தச் சொல்லின் வரலாற்றில் நம் ஊர்களுக்கும் பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகள் கடும் இரத்தசோகையில் இறந்துகொண்டிருந்தார்கள், காரணம் தேடினார். ஆராய்ச்சி அவரைக் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்குக் கொண்டுவந்தது. 1931-ல் சென்னையில், நம் மக்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் திருவல்லிக்கேணி மருத்துவமனையில் வேலை செய்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களைத் தேற்றுவதைக் கண்டுபிடித்தார். உள்ளே இருந்த பொருள் எது என்பது அப்போது தெரியவில்லை. 1941-ல் அதைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். லத்தீனில் இலைக்குப் போலியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையில் அதுவும் இருக்கிறது. மாத்திரையை வாங்கி வந்து அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் தங்கைகளே, தயவுசெய்து அதைச் சாப்பிடுங்கள்.

வலியின் ஈறு ‘ஆல்ஜியா’. நரம்பு வலி நியூரால்ஜியா, தசை வலி மயால்ஜியா. இந்த வரிசையில் நாஸ்டால்ஜியாவும் உண்டு என்றால் வியப்பாக இருக்கும். 1688-ல் பாசல் பல்கலைக்கழகத்தில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், பிற நாட்டில் இருந்த சுவிஸ் மக்களைப் பிடித்த ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே எழுதி, வீடு திரும்புதல், வலி என்ற இரு கிரேக்கச் சொற்களை ஒட்டிப் பெயர் வைத்தார். வளைகுடாவில் மகன் இருக்கும் தாயைக் கேட்டால், அது நோய்தான் என்று அவரும் சொல்லுவார்.

இவ்வளவும் கேட்ட பிறகு ஓர் ஐயம் எழும். இதையெல்லாம் தமிழில் சொல்ல முடியுமா? முடியும் என்று ஒருவர் எப்போதோ செய்து காட்டிவிட்டார். அவர் அமெரிக்கர். பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார், மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பிறகு தானே தமிழ் கற்றுத் தமிழிலேயே கற்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூல் உட்பட அறுவை, மகப்பேறு, உடலியல், வேதியியல் என்று பெரிய பெரிய நூல்கள் அவர் முயற்சியில் தமிழுக்கு வந்தன. 1873-ல் ஊர் திரும்பிய பிறகும் தமிழ் வேலையை அவர் விடவில்லை. 1884-ல் இறக்கும் வரை அந்த நினைவாகவே இருந்தார். தம் நோயாளியின் மொழியில் படித்த மருத்துவர்கள் அந்த மண்ணில் அன்றே உருவாகிவிட்டார்கள்.

ஈறுகளும் நம்மிடம் வந்துவிட்டன. ஐடிஸுக்கு அழற்சி: கல்லீரல் அழற்சி, மூட்டழற்சி, குடல்வால் அழற்சி. ஸ்கோப்பிக்கு உள்நோக்கல். எக்டமிக்கு நீக்கம்: கருப்பை நீக்கம், குடல்வால் நீக்கம். நீக்கம் என்று தமிழில் எழுதியிருக்கும் ஒரு தாளைப் பார்த்தால், பள்ளிக்கூடம் போகாத பாட்டியும், “எதை நீக்கப் போறீங்க?” என்று கேட்பார். அந்தக் கேள்வி எழ வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் பேசினேன்.

ஆகவே இந்த அரங்கில் இருக்கும் மருத்துவர்களிடமும் மருத்துவமனை நடத்துவோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலப் படிவம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் எதிர்ப்பக்கத்தில், என்ன செய்யப் போகிறோம், பார்க்கப் போகிறோமா, திறக்கப் போகிறோமா, எடுக்கப் போகிறோமா, எடுத்தால் எந்த உறுப்பை என்று நான்கு வரி தமிழில் அச்சிடுங்கள். கையெழுத்து வாங்குவதற்கு முன் செவிலியர் ஒருவர் அதை வாய்விட்டுப் படிக்கட்டும். மாணவர்களே, உங்கள் வீட்டிலிருந்து யாராவது மருத்துவமனைக்குப் போனால் நீங்களும் கூடப் போங்கள். படிவத்தை வாங்கிக் கடைசி எழுத்து வரை படியுங்கள்.